சிக்னல் ஃபுல், குரல் மட்டும் கரகர: டிஜிட்டல் ட்ரங்க் ரேடியோவை ஸ்கேனரில் ஏன் பிடிக்க முடிவதில்லை?

டி.எச். ரோட்டில் காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனைக் கடக்கும்போது தலைக்கு மேல் ஒரு ரயில் போகும். அதை இயக்குபவர் கோயம்பேட்டில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துடன் பேச செல்போனை எடுப்பதில்லை. ‘டெட்ரா’ எனப்படும் டிஜிட்டல் ட்ரங்க் ரேடியோவில்தான் பேசுகிறார். வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் பாதை 2021 பிப்ரவரி 14-ம் தேதி திறக்கப்பட்டதிலிருந்து இந்த ரேடியோ அலைகள் வடசென்னைக் காற்றில் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கடல் வந்துவிடும். அங்கே விசைப்படகுகளில் இருப்பது வேறு ரகம். பழைய பாணி அனலாக் வி.எச்.எஃப். செட். ஒரு படகில் பேசினால் அதே சேனலில் இருக்கும் அத்தனை படகுகளுக்கும் கேட்கும். மெட்ரோ பேச்சை ஒருவர் ஸ்கேனரில் பிடித்தாலோ, கிடைப்பது ட்ரில்லிங் மெஷின் மாதிரி ஒரு ‘டர்ர்ர்’ மட்டும்தான்.

உலகம் முழுக்க ரேடியோ ஸ்கேனரைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களின் பெரிய புகாரே இன்று இதுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்து டிஜிட்டல் ஸ்கேனர் வாங்குகிறார்கள். சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கின்றன. ஆனால் குரல் துண்டு துண்டாக வருகிறது, இல்லையென்றால் வருவதே இல்லை. ‘ஆன்டெனா சரியில்லையோ?’ என்பதுதான் முதலில் வரும் சந்தேகம். பெரும்பாலும் அது தவறான சந்தேகம்.

ட்ரங்க் என்றால் என்ன?

முன்பெல்லாம் போலீஸுக்கு ஒரு அலைவரிசை, தீயணைப்புக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக ஒதுக்கிவிடுவார்கள். யாரும் பேசாத நேரத்தில் அந்த அலைவரிசை சும்மா கிடக்கும். பக்கத்து அலைவரிசையில் நெரிசல் இருந்தாலும் இதைத் தொட முடியாது.

ட்ரங்க் முறை இதைப் பேங்க் டோக்கன் போல மாற்றியது. ஐந்து கவுன்டர், ஒரே வரிசை. எந்தக் கவுன்டர் காலியோ அங்கே உங்கள் நம்பர் கூப்பிடப்படும். ரேடியோவில் அந்த டோக்கன் போர்டுக்குப் பெயர் ‘கன்ட்ரோல் சேனல்’. ஒருவர் பேசும் பட்டனை அழுத்தியதும் அவருடைய செட் கன்ட்ரோல் சேனலிடம் இடம் கேட்கும். ‘உங்கள் குழுவுக்கு 4-வது சேனல்’ என்று நொடிக்கும் குறைவான நேரத்தில் பதில் வரும். குழுவில் உள்ள எல்லா செட்டும் தானாக அங்கே தாவிவிடும். பேச்சு முடிந்து அடுத்தவர் பதில் சொல்லும்போது அது 2-வது சேனலுக்குப் போயிருக்கலாம்.

சாதாரண ஸ்கேனர் 4-வது சேனலிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? கேள்வி ஒருவருடையது, பதில் சம்பந்தமே இல்லாத இன்னொரு குழுவினுடையது. அதனால்தான் ட்ரங்க் ஸ்கேனர் கன்ட்ரோல் சேனலைப் படித்துக்கொண்டே பின்தொடர வேண்டும். அந்தத் தரவில் சில பிட்டுகள் தவறிவிட்டால், பக்கத்திலேயே நடக்கும் உரையாடல்கூட அதற்குத் தெரியாமல் போகும்.

இதற்கு மேல் ‘டிஜிட்டல்’ வருகிறது. டெட்ராவில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலையை நேரத்தால் நான்காக வெட்டி, நான்கு பேச்சுகளை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். ஐரோப்பாவில் உருவான இந்தத் தரம் மெட்ரோ, விமான நிலையம், துறைமுகம் போன்ற இடங்களில் அதிகம். டெல்லி போலீஸ் 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி டெட்ராவுக்கு வந்தது. அமெரிக்கப் போலீஸ், தீயணைப்புத் துறைகளில் ‘பி-25’ என்ற தரம் பரவலாக உள்ளது. ஸ்கேனர் புகார்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன, ஏனென்றால் மறைகுறியாக்கம் செய்யப்படாத போலீஸ் ரேடியோவைக் கேட்பது அங்கே பொதுவாகச் சட்டப்படி சரி.

புள்ளி விழுந்த டி.வி.யும் உறைந்துபோன செட்-டாப் பாக்ஸும்

மொட்டைமாடி ஆன்டெனாவில் தூர்தர்ஷன் பார்த்த தலைமுறையிடம் கேட்டால் சொல்வார்கள். சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், சத்தம் இரையும். ஆனாலும் மேட்ச் ஸ்கோர் தெரிந்துவிடும். டி.டி.எச். வந்த பிறகு கதை வேறு. மழை கனக்கும் வரை படம் பளிச். ஒரு கட்டத்தில் அப்படியே உறைந்து, திரை கறுப்பாகிவிடும். நடுநிலை என்று ஒன்று இல்லை.

ரேடியோவிலும் அதேதான். அனலாக் படிப்படியாகத் தேயும். கரகரப்புக்கு நடுவிலும் மனிதக் காது அர்த்தத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். (காலடிப்பேட்டை என்ற பெயரே அப்படி வந்ததுதான் என்பார்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் நெசவாளர்களுக்கு அமைந்த ‘காலெட் பேட்டை’, வாய் மாறி வாய் மாறி காலடிப்பேட்டை ஆனது. ஒலி சிதைந்தது, ஊர் தொலையவில்லை.) டிஜிட்டலில் குரல் எண்களாக அமுக்கப்பட்டுப் போகிறது. பிழை ஒரு அளவுக்குள் இருந்தால் கருவியே திருத்திவிடும், துளி இரைச்சல்கூட இருக்காது. அளவைத் தாண்டினால் குரல் ரோபோ மாதிரி குழறும், அப்புறம் மௌனம்.

சரி, சிக்னல் வலுவாக இருக்கும்போதே ஏன் பிழை வருகிறது? குழப்பத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

தேரடியில் இரண்டு ஸ்பீக்கர்

திருவிழா நேரத்தில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் போனவர்களுக்கு இது பழக்கம். தெரு நெடுக குழாய் ஸ்பீக்கர். எல்லாவற்றிலும் ஒரே அறிவிப்பு. ஒரு ஸ்பீக்கருக்கு அடியில் நின்றால் தெளிவாகக் கேட்கும். ஆனால் பக்கத்து ஸ்பீக்கரை ஒரு கட்டடம் பாதி மறைத்து, தூரத்து ஸ்பீக்கரின் சத்தமும் ஏறக்குறைய அதே அளவில் கொஞ்சம் தாமதமாக வந்து விழும் இடத்தில் நின்றால்? சத்தத்துக்குக் குறைவே இல்லை. காணாமல் போன குழந்தையின் பெயர் மட்டும் புரியாது.

பெரிய பரப்பைக் கவர் செய்யும் பல பி-25 அமைப்புகள் இதே வேலையைச் செய்கின்றன. பல கோபுரங்கள், ஒரே அலைவரிசை, ஒரே நேரத்தில் ஒரே பேச்சு. இதற்கு ‘சைமல்காஸ்ட்’ என்று பெயர். அலைவரிசை மிச்சமாகிறது, ரோந்து வண்டி எங்கே போனாலும் தொடர்பு அறுவதில்லை. சிக்கல் என்னவென்றால், ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் சுமார் 300 மீட்டர் போகும். ஒரு கோபுரம் 5 கிலோமீட்டரிலும் இன்னொன்று 20 கிலோமீட்டரிலும் இருந்தால், இரண்டாவது அலை 50 மைக்ரோ நொடி தாமதமாக வரும். பி-25-ன் முதல் தலைமுறையில் ஒரு குறியீடு நீடிக்கும் நேரமே சுமார் 208 மைக்ரோ நொடிதான். அதாவது முந்தைய குறியீட்டின் வால், அடுத்த குறியீட்டின் தலைமேல் கால்வாசி ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கோடுகள் ஃபுல்லாக இருக்கும். உள்ளே இருப்பது இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிய விடைத்தாள்.

துறைக்கென்று செய்யப்படும் விலை உயர்ந்த செட்டுகளில் இந்த மேல்விழுதலைப் பிரித்துச் சமன்படுத்தும் ஏற்பாடு உண்டு. ஆனால் பல வருடங்களாக விற்ற ஹாபி ஸ்கேனர்களின் உள்ளே இருந்தது சாதாரண எஃப்.எம். டீகோடர். அலையின் ஏற்ற இறக்கத்தை அது கண்டுகொள்ளாது, அலைவரிசை மாற்றத்தை மட்டும் பார்க்கும். சைமல்காஸ்ட்டில் தேவையான தகவலில் பாதி அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. 2018-ல் யூனிடென் நிறுவனம் கொண்டுவந்த ‘எஸ்.டி.எஸ். 100’ இதை முழுதாக எடுத்துக்கொள்ளும் ரிசீவருடன் வந்ததால்தான் ஸ்கேனர் வட்டாரத்தில் அவ்வளவு பேசப்பட்டது.

இதனால்தான் அனுபவஸ்தர்கள் சொல்லும் வைத்தியம் கேட்க விநோதமாக இருக்கும். ஆன்டெனாவைச் சின்னதாக்கு. ஒரே கோபுரத்தைப் பார்க்கும் திசை ஆன்டெனா போடு. செட்டை இரண்டு அடி தள்ளி வை. ‘சிக்னலைக் குறைத்தால் நன்றாகக் கேட்கும்’ என்பது முதல் பார்வைக்கு உளறல். நோக்கம் சத்தத்தைக் கூட்டுவது இல்லை, மற்ற ஸ்பீக்கர்களை அடக்குவது.

டெட்ராவில் பக்கத்துக் கோபுரங்கள் வழக்கமாக வேறு வேறு அலைவரிசையில் இயங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. அதற்காக வடசென்னையில் எல்லாம் சுலபம் என்றும் சொல்லிவிட முடியாது. கன்டெய்னர் அடுக்கு, எண்ணெய்த் தொட்டி, கிரேன், வரிசையாக நிற்கும் ட்ரெய்லர் என்று எங்கே திரும்பினாலும் இரும்பு, அதில் பட்டு அலை திரும்பும். ஒரே கோபுரத்தின் அலையே நேராக ஒரு தடவை, எதிரொலியாக ஒரு தடவை என்று வரும். இதோடு மோட்டார்கள், மலிவு எல்.இ.டி. விளக்குகள் கிளப்பும் இரைச்சல் வேறு. கம்ப்யூட்டரில் செருகும் சில ஆயிரம் ரூபாய் ‘எஸ்.டி.ஆர். டாங்கிள்’ இதற்கெல்லாம் ஈடுகொடுக்காது. 8-பிட் அளவீடுதான் அதன் திறன். பக்கத்தில் ஒரு பலமான செல் கோபுரம் இருந்தாலே, அந்தச் சத்தத்தில் மெல்லிய அலைகள் அமுங்கிவிடும். மெட்ரோ சுரங்கத்துக்குள் வேறு கதை. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை போன்ற நிலத்தடி நிலையங்களை இணைக்கும் சுரங்கங்களில் அலையை வழியவிடும் கேபிள் மூலமே ரேடியோ கிடைக்கிறது. அது வெளியே கேட்பதற்காகப் போட்டது இல்லை.

எல்லாம் சரியாகப் பிடித்தாலும் பூட்டு இருக்கிறது

சிக்னலைத் தப்பில்லாமல் பிடித்தாலும் பேச்சு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் எந்த ஆன்டெனாவும் உதவாது. டெட்ராவில் ‘டி.இ.ஏ.’ என்ற பெயரில் சில வகைப் பூட்டுகள் உண்டு. இவை எப்படி இயங்குகின்றன என்பதைப் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். ‘மிட்நைட் ப்ளூ’ என்ற நெதர்லாந்து ஆய்வுக் குழு அதைப் பிரித்துப் பார்த்து, 2023 ஜூலையில் வெளியே சொன்னது. ‘டி.இ.ஏ.-1’ வகையில் 80 பிட் என்று சொல்லப்பட்ட சாவி உள்ளே 32 பிட்டாகச் சுருங்கிவிடுவது தெரியவந்தது. சாதாரண கம்ப்யூட்டருக்கே கொஞ்ச நேர வேலை அது. ரகசியமாக வைத்திருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

போலீஸ் ரேடியோ பூட்டப்படுவதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டவரின் பெயர், வீட்டு விலாசம், நடக்கும் ரெய்டு எல்லாம் அதில் ஓடுகிறது. சிகாகோவில் 2022 முதல் போலீஸ் பேச்சை மறைகுறியாக்கி, வெளியே 30 நிமிடத் தாமதத்துடன் கொடுக்கிறார்கள். பத்திரிகையாளர்கள் இதை எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கும் தெருவில் இருப்பவருக்கு அரை மணி நேரப் பழைய செய்தி எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

இங்கே கேட்டால் என்ன ஆகும்?

சுருக்கமாக: மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்க யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு ஸ்கேனர் ஆர்டர் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. 1933-ம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, உரிமமோ விலக்கோ இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம். பேசினால்தான் குற்றம் என்று இல்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் உள்ளது. சட்டவிரோதமாக ஒரு தகவலை இடைமறித்துக் கேட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் தேவைப்படாத வாக்கி டாக்கிகளும் உண்டு, ஆனால் அவை 446 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த சக்தியில் இயங்குபவை மட்டும். விவரம் சொல்லாமல் மற்ற வாக்கி டாக்கிகளையும் விற்றதற்காக 2025 மே மாதம் 13 ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

ஆர்வம் இருப்பவர்களுக்கு நேர்வழி ஹாம் ரேடியோ உரிமம். 12 வயது முடிந்தவர்கள் மத்திய அரசின் தேர்வு எழுதி வாங்கலாம். அதிலும் போலீஸ், மெட்ரோ பேச்சைக் கேட்க அனுமதி கிடையாது. ஆனால் சொந்தமாக ஆன்டெனா கட்டி, டிஜிட்டல் குரலை அனுப்பி, எதிரொலியும் பிழையும் என்ன செய்கின்றன என்று நேரடியாகப் பார்க்கலாம். 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி அறுந்ததும் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி சொன்னது, அப்போது ஹாம் முகாமுக்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத்தின் குழுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் செல்போன்கள் செத்தபோதும் ஹாம்கள் இறங்கினார்கள்.

வடசென்னை எதைக் கேட்க வேண்டியிருக்கிறது?

ஆக, டிஜிட்டல் ட்ரங்க் அமைப்பு பதிவு செய்த செட்டுகளுக்காகக் கட்டப்பட்டது. வெளியாள் காதில் கரகரப்பது அதன் கோளாறு இல்லை. அதனால் இந்தப் பகுதிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘போலீஸ் மைக்கை எப்படிப் பிடிப்பது?’ என்பது இல்லை. அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி இவ்வளவு நவீனமாகும்போது, மக்களுக்குச் சொல்லும் வழி எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது?

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘டான் காஞ்சிபுரம்’, ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதின. இரண்டிலும் ரேடியோ இருந்தது, துறைமுகத்திலும் இருந்தது. முதலில் வந்த துறைமுகத்தின் அறிக்கை எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றது. பிறகு பாரதியார் நகர்க் கரையில் இளைஞர்களும் மீனவர்களும் வாளியில் எண்ணெய்க் கசடை அள்ளிய படங்களை நாடே பார்த்தது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களுக்கு முதல் தகவல் எந்த ரேடியோவிலும் வரவில்லை. மூக்கு எரிந்தது, மூச்சு முட்டியது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அன்று யாராவது ஸ்கேனரில் காது வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. தேவைப்பட்டது ஒரு சைரனும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற ஒரு வரியும்தான்.

இதற்கான தொழில்நுட்பம் கையில் இல்லாமல் இல்லை. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் பலருடைய போன்கள் திடீரென்று அலறி அதிர்ந்தது நினைவிருக்கலாம். அது ‘செல் பிராட்காஸ்ட்’ சோதனை. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே அடியில் எச்சரிக்கை போகும். எஸ்.எம்.எஸ். போல ஒவ்வொன்றாக வரிசையில் நிற்காது, ஒரு பகுதியை மட்டும் குறிவைத்தும் அனுப்பலாம். அந்தச் சோதனைக்கும் அம்மோனியா இரவுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாதம்தான்.

ஆனால் இது கரைக்குத்தான் சரி. கடலுக்குள் கொஞ்ச தூரம் போனாலே செல் கோபுரம் கைவிட்டுவிடும். அங்கே மிஞ்சுவது வி.எச்.எஃப். 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 16-வது சேனல் உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கானது. கப்பலும் கடலோரக் காவல் படையும் கேட்கும். ட்ரங்க் கிடையாது, பூட்டு கிடையாது, அனலாக்தான். எந்த நிறுவனத்தின் செட்டாக இருந்தாலும், அரைகுறை பேட்டரியில் கரகரத்தாலும், பக்கத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அப்படி விட்டு வைத்திருக்கிறார்கள்.

அதற்கும் எல்லை உண்டு. வி.எச்.எஃப். அலை பூமியின் வளைவைப் பெரிதாகத் தாண்டாது. கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். கரையில் 100 மீட்டர் கோபுரம் இருந்தால் அது 50 கிலோமீட்டரை நெருங்கும், அவ்வளவுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மீனவர்கள் பலர் இந்தத் தூரத்தை எப்போதோ கடந்துபோயிருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைத் தேடிப் போகவே முடியவில்லை. இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் ட்ரான்ஸ்பாண்டர்களைத் தமிழக விசைப்படகுகளில் பொருத்தும் வேலை அதன் பிறகுதான் நடந்தது. நடுக்கடலில் இருப்பவருக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பலாம், அவர் ஆபத்தில் இருந்தால் கரைக்குத் தெரிவிக்கலாம்.

அது விசைப்படகுகளின் கதை. காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களில் இருந்து விடியுமுன்னே கிளம்பும் ஃபைபர் படகில் இருப்பது பெரும்பாலும் ஒரு செல்போன், அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவர்.